கடல் தெரியும்வரை போன் கிடையாது

பந்தயத்தின் விதி ஒன்றுதான். கடலைக் கண்ணால் பார்க்கும்வரை ஹலினா தன் அக்கா இர்காவுக்குப் போன் பண்ணக் கூடாது. பண்ணினால் தோற்றாள். பண்ணாமல் இத்தாலியின் கடலோர ஊரான திரியெஸ்தே போய்ச் சேர்ந்தால், அடுத்த வருடத்திலிருந்து விடுமுறைக்கு எந்த ஊர் என்பதை அவள் சொல்வாள்.

இதுவரை சொன்னது இர்கா. சொன்ன ஊர் எப்போதும் போலந்து மலையூரான ஸகோபானே. மலை, மழை, புகை போட்ட சீஸ், ஈரச் சாக்ஸ். இர்காவின் புருஷன் செத்த வருடமும் ஸகோபானே. ஹலினாவின் புருஷன் பல் டாக்டரோடு ஓடிப்போன வருடமும் ஸகோபானே. டிக்கெட் இர்கா எடுப்பாள். ஜன்னலோரம் இர்காவுக்கு. எந்த ஸ்டேஷன் தாண்டியதும் கழிவறைக்குப் போகலாம் என்பதையும் இர்காவே சொல்லிவிடுவாள்.

"எனக்கு ஐம்பத்தஞ்சு வயசாச்சு," என்றாள் ஹலினா, ஈஸ்டர் சாப்பாட்டின்போது. "ஒரு தடவையாவது வெதுவெதுன்னு இருக்கிற கடல்ல காலை வைக்கணும்."

"வியன்னா தாண்ட மாட்ட நீ," என்றாள் இர்கா. "நான் இல்லாம."

ஜூன் மாதம் அவர்கள் ஊரான கட்டோவிட்சே ஸ்டேஷனுக்கு இர்கா வழியனுப்ப வந்தாள். கையில் அலுமினியத் தாள் சுற்றிய பொட்டலம்.

"மேல கட்லெட். கீழ முட்டை. முட்டையை வியன்னாவுக்குள்ள முடிச்சிடு. நாறும்."

"தெரியும்."

"போன்ல சார்ஜ் இருக்கா?"

"எதுக்கு? உனக்குத்தான் பண்ணக் கூடாதே."

"நான் உனக்குப் பண்ணலாம்ல. அதை யாரும் தடுக்கலையே."

முட்டை செக் எல்லையிலேயே தீர்ந்தது. அதற்குள் இர்கா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

"சீட் எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம்."

இர்கா போனை வைத்துவிட்டாள்.

வியன்னாவில் ஒரு இரவு. இர்கா வந்திருந்தால் அரண்மனை, பெரிய தேவாலயம், இன்னொரு அரண்மனை என்று கால் வீங்கியிருக்கும். ஹலினா எதிரே வந்த டிராமில் ஏறினாள். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் திராட்சைத் தோட்டம் இருந்தது. மர பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் ஒயின் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். திரும்பினாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் விடுதி அறையில் பெட்டியைப் பூட்டி, கோட்டு மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். அவர்கள் வீட்டில் அது இல்லாமல் யாரும் வாசல் தாண்டியதில்லை. பேசக் கூடாது. மூத்தவர் எழுந்ததும் மற்றவர்கள் எழ வேண்டும். முந்தின நாள் ஸ்டேஷன் பெஞ்சிலும் அப்படித்தான். இர்கா எழுந்தாள், அவளும் எழுந்தாள்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பியானோ பழகினார்கள். ஒரே இடத்தில் தப்பு. திரும்ப முதலிலிருந்து. இந்தத் தடவை வந்துவிடும் என்று ஹலினா காத்திருந்தாள். வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து. வெயில் மடிவரை வந்தது. சுகமாக இருந்தது.

யாரும் எழவில்லை.

எழ வேண்டியவள் தான்தான் என்பது உறைத்தபோது நேரம் போய்விட்டிருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். பிளாட்பாரத்தில் புறா மட்டும் நின்றது. திரியெஸ்தேவுக்கு நேராகப் போகும் ரயில் அது ஒன்றுதான்.

போன் அடித்தது.

"எங்க இருக்க? வண்டி இந்நேரம் மலை ஏறியிருக்கணுமே."

"ஸ்டேஷன்ல."

"எந்த ஸ்டேஷன்?"

"வியன்னா."

இர்கா சிரித்த சிரிப்பில் புறா பறந்தது.

"தூங்கிட்டியாடி?"

"உக்காந்தேன். யாரும் எழுந்திரிக்கல."

சிரிப்பு நின்றது. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது.

"சரி, விடு," என்றாள் இர்கா. "வண்டி நேரமெல்லாம் என் முன்னாடிதான் இருக்கு. அடுத்தது எதுன்னு கேளு, சொல்றேன்."

"கேக்க மாட்டேன்."

"லூசு, நீயா போன் பண்ண? நான்தானே பண்ணேன். கேட்டா தோத்ததா ஆகாது."

உண்மைதான். விதிப்படி தப்பில்லை. ஹலினா வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை கேட்டால் போதும், ரயில், பெட்டி, இருக்கை எல்லாம் வந்துவிடும். கடலும் வந்துவிடும், இர்கா எடுத்துக் கொடுத்ததாக.

"காபி ஆறுது, வெச்சிடறேன்," என்றாள்.

காபி எதுவும் இல்லை. போய் ஒன்று வாங்கினாள்.

டிக்கெட் கவுன்டரில் இருந்தவர் மீசைக்காரர். அவளுடைய பள்ளிக்கூட ஜெர்மனைப் பொறுமையாகக் கேட்டார்.

"தூங்கிட்டீங்களாம்மா?"

"இல்ல. உக்காந்துட்டேன்."

"வியன்னால அது எல்லாருக்கும் நடக்கும்." விசைகளைத் தட்டினார். "மதியம் வெனிஸ் வண்டி. ஊதினேல இறங்கி மாறணும். நடுவுல அவகாசம் கம்மி. ஓடுவீங்களா?"

"காலைல ஓடினேன்."

"அப்போ பழகியிருக்கும்."

ஆஸ்திரியா முழுக்க கட்லெட் சாப்பிட்டாள். எதிரே இருந்த பாதிரியாருக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். சுரங்கம், ஆறு, மறுபடி சுரங்கம். ஒரு சுரங்கத்துக்குள் போனபோது பலகைகள் ஜெர்மனில் இருந்தன. வெளியே வந்தபோது இத்தாலியனில் இருந்தன.

ஊதினேயில் ரயில் நிற்கும்போதே போன் அடித்தது. இர்கா. எந்த வண்டியைப் பிடித்திருப்பாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எடுத்தால் பிளாட்பாரத்தைச் சொல்லிவிடுவாள். காதில் விழுந்துவிட்டால் கால் அங்கேதான் போகும்.

எடுக்கவில்லை. போன் பைக்குள் கத்தியபடி வந்தது. ஹலினா படி இறங்கினாள், ஏறினாள். தவறான பிளாட்பாரம். நாயோடு ஒரு கிழவர் நின்றிருந்தார்.

"திரியெஸ்தே?"

அவர் கையிலிருந்த ரொட்டியால் எதிர்ப் பக்கத்தைக் காட்டி, நீளமாக ஏதோ சொன்னார். ஓடு என்பது மட்டும் புரிந்தது. ஓடினாள். கதவு மூடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த ஒரு பெண் காலை நீட்டி அதை மறித்தாள்.

நின்றபடியே மூச்சு வாங்கினாள். வயல், தொழிற்சாலை, வயல். ரயில் ஒரு வளைவு திரும்பியது. வலது பக்கம் மரங்கள் விலகின.

கீழே கடல் இருந்தது. சாயங்கால வெயிலில் தட்டையாக, அவசரமில்லாமல். பெட்டியில் யாரும் தலை நிமிரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள்.

ஹலினா போனை எடுத்தாள். முதல் மணியிலேயே இர்கா எடுத்தாள்.

"செத்துட்டியா?"

"கடல்."

"பொய்."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். ரெண்டு படகு போகுது. ஒண்ணு சிவப்பு."

இர்கா மூச்சை விட்டாள். "சரி. ஜெயிச்சுட்ட. அடுத்த வருஷம் கடல். டிக்கெட்டை நான் ஜனவரிலயே..."

"இர்கா. அடுத்த வருஷமும் நான் தனியாத்தான் வரப்போறேன்."

ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்காமல் போனது.

"அப்போ நான்?"

"நீயும் தனியா வா. இங்க சந்திச்சுக்கலாம்."

"அறுபத்திரண்டு வயசுடி எனக்கு. நான் எங்க தனியாப் போயிருக்கேன்? எங்க போனாலும் உன்னை இழுத்துட்டுல்ல போனேன்."

ஹலினா இதை ஒருநாளும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

"வியன்னா வரைக்கும்தான் பயமா இருக்கும்," என்றாள். "அப்புறம் ஓடணும். அவ்வளவுதான்."

மறுமுனையில் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. எதையோ தரையில் இழுக்கும் சத்தம்.

"என்ன பண்ற?"

"பெரிய பெட்டி. மேல் தட்டுல கிடந்துச்சு."

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"தூக்கிப் பாக்கறேன். சும்மா."

எதுவோ மடாரென்று விழுந்தது. ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. பிறகு மூச்சிரைப்பு.

"தூக்கிட்டேன்," என்றாள் இர்கா.