இருபத்து மூன்று தாமதங்கள்

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஜெர்மனியில் கெட்ட செய்தி வெள்ளிக்கிழமைதான் வரும். சனி ஞாயிறு இரண்டு நாளும் அதை வைத்து மென்றுகொண்டிருக்கட்டும் என்ற நல்லெண்ணம் போலிருக்கிறது. சுலோஜனா மூன்று தரம் வாசித்தாள். வாசிக்க வாசிக்க ஆத்திரம் தலைக்கு ஏறியது.

நவம்பர் தொடக்கம் மார்ச் வரை, காலை 6.51 ரயில் அவளுடைய நிலையத்தில் இருபத்து மூன்று தடவை பிந்திப் புறப்பட்டதாம். இருபத்து மூன்றுக்கும் காரணம் ஒன்றேதானாம்: ‘உதவி தேவைப்படும் பயணி ஏறியது.’ ஆகவே மே மாதத்திலிருந்து சக்கர நாற்காலியில் வருபவர் கூட்டம் குறைந்த 9.40 ரயிலில் பயணம் செய்யும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார். அந்தச் சின்ன நிலையத்தில் சக்கர நாற்காலியோடு ஏறுகிற ஆள் அவள் ஒருத்திதான். உறையில் அவள் பெயர் இருந்தது. உள்ளே ஓரிடத்திலும் இல்லை.

ஏன் சக்கர நாற்காலி என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. நாமும் சொல்ல வேண்டாம். ஹனோவரில் செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஏழரைக்கு மேசையில் இருக்க வேண்டும். முடித்த பற்களை எடுத்துப்போகப் பத்து மணிக்கு வான் வண்டி வந்துவிடும். 9.40 ரயிலில் போனால் அந்த வானின் பின்பக்கத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்காது. முதலாளி நல்ல மனிதர். நேரத்தை மட்டும் மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார். ஆக, ரயில் போனால் வேலையும் போகும்.

திங்கட்கிழமை ரயில் கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்து, நேரில் சந்தித்துப் பேச டெர்மின் கேட்டாள். மின்னஞ்சலில் எழுதினால் போதும் என்றார்கள். போதாது என்றாள். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கிடைத்தது.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ரயில்களின் நேரத்துக்குப் பொறுப்பான எவ்லின், மரியாதையான பெண். வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் மடிக்கணினியோடு முப்பது முப்பத்தைந்து வயதில் ஒருவன். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அரவிந்த் என்று இருந்தது. அவளைக் கண்டதும் “தமிழா மேடம்?” என்று முகம் மலர்ந்தான். “ஓம்” என்றாள். அவள் முகம் மலரவில்லை.

முறையை அவன்தான் விளக்கினான். ரயில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பிந்தினால் அதற்கு ஒரு காரணம் பதிய வேண்டும். காரணமில்லாத தாமதம் என்று அந்தக் கம்பெனியில் ஒன்று கிடையாது. ரயிலில் இருக்கும் நடத்துநர் ஒரு பட்டியலைப் பார்த்து எண்ணொன்றைத் தட்டுவார். அன்று மாலைக்குள் அரவிந்த் அதை ஏற்றுக்கொள்வான். காற்று, மழை, பயணி என்றால் ‘வெளிக்காரணம்’ என்ற பத்திக்குப் போகும்; வண்டி, ஆள், ரயில் பட்டறை என்றால் ‘சொந்தக் காரணம்.’ சொந்தப் பத்தி நீண்டால் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். வெளிப் பத்தியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எங்கே தள்ளிவிடத் தோன்றும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அப்ப நீங்களோ தம்பி என்னை இருபத்து மூண்டு தரம் எழுதினது?”

“நான் நம்பரைத்தான் மேடம் பார்க்கிறேன். ஆள் யாருன்னு ஸ்கிரீன்ல வராது.”

“இப்ப வந்திட்டன். வடிவாப் பாருங்கோ.”

அரவிந்த் மேசையைப் பார்த்தான். எவ்லின், இது குற்றச்சாட்டு அல்ல, வெறும் அளவீடு என்றாள். சுலோஜனா அவளிடம் ஜெர்மன் மொழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சாய்வுப் பலகையை விரித்து அவளை ஏற்ற ஒரு நிமிடமும் பத்து விநாடியும் போதும். ரயில் அங்கே நிற்பதே இரண்டு நிமிடம். நிலையத்துக்காரர் சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகைக்குக் கீழேதான் அவள் தினமும் நிற்கிறாள். சாய்வுப் பலகை வைத்த கதவு முழு ரயிலுக்கும் ஒன்றுதான். ரயில் சரியான முகமாக வந்தால் அந்தக் கதவு அவள் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். முன்பின்னாகத் திரும்பி வந்தால் அது ரயிலின் மறு அந்தத்தில். பனியில், நூற்று நாற்பது மீட்டர், கையால் உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

அப்படியானால் மறு அந்தத்தில் நிற்கலாமே என்றாள் எவ்லின்.

எந்த நாள் எந்த முகமாக வரும் என்று முதல்நாளே எழுதி அனுப்புவீர்களா என்று சுலோஜனா கேட்டாள். எவ்லின் தண்ணீர் குடித்தாள்.

சுலோஜனா அரவிந்தின் பக்கம் திரும்பினாள். “தம்பி, ரயில் எந்த முகமா வந்தது எண்டு எங்கையாவது பதிஞ்சிருக்குமோ?”

“பட்டறை லிஸ்ட்ல இருக்கும். நாங்க அதைத் திறக்கறதில்ல.”

“ஏன்?”

“யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கிறன்.”

என்ன பேசுகிறீர்கள் என்று எவ்லின் விசாரித்தாள். அரவிந்த் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன் என்று ஜெர்மன் மொழியில் சொன்னான். இன்றைய பேச்சில் அது இல்லையே என்றாள் எவ்லின். அதற்குள் அவன் திறந்துவிட்டான்.

நவம்பரிலிருந்து பட்டறையில் ரயிலைத் திருப்பும் பாதையில் திருத்த வேலை. ரயில் எந்த முகமாகக் கிடந்ததோ அந்த முகமாகவே வெளியே வந்துகொண்டிருந்தது. அரவிந்த் திகதிகளை வாசித்தான். திரும்பி வந்தது, தாமதம். திரும்பி வந்தது, தாமதம். சரியாக வந்தது, நேரத்துக்குப் புறப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாசிப்பதற்குள் அவன் குரல் இறங்கிவிட்டது. எவ்லின் கையை உயர்த்தி, விளங்கிவிட்டது என்றாள்.

பிறகு அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்து இதமாகப் பேசினாள். கடிதத்தை மீளப் பெறுகிறோம். நல்லெண்ணத்தின் அடிப்படையில் நீங்கள் 6.51 ரயிலிலேயே வரலாம். பழைய பதிவுகளை மட்டும் கிளற வேண்டாம். குளிர்கால அறிக்கை மேலே போய்விட்டது.

வேறு ஆளென்றால் நன்றி சொல்லிக் கிளம்பியிருப்பார். சுலோஜனாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பட்டறை செய்த பிழையை அவள் தலையில் கட்டிவிட்டு, இப்போது அவளுக்கே கருணை காட்டுகிறார்கள். அந்த இருபத்து மூன்றும் அங்கே கிடந்தால் நாளைக்கு வருகிற இன்னொரு எவ்லின் இன்னொரு கடிதம் எழுதுவாள். சுலோஜனா நாற்காலியின் பிரேக்கை இறுக்கினாள். நல்லெண்ணம் கேட்டு வரவில்லை, திருத்துங்கள், என் கண்ணுக்கு முன்னால் திருத்துங்கள், என்றாள்.

எவ்லின் அரவிந்தைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது. “ஏற்றுக்கொண்டவன் நான். ஆதாரம் இருந்தால் திருத்த வேண்டியவனும் நான்தான். விதியில் இருக்கிறது” என்று ஜெர்மன் மொழியில் சொன்னான்.

மேலிடம் கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள் என்றாள் எவ்லின். சொல்கிறேன் என்றான். பிறகு சுலோஜனாவிடம், “ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ரீசன் எழுதணும்க்கா. டைம் ஆகும்” என்றான். மேடம் எப்போது அக்காவானாள் என்பது அவனுக்கே தெரியாது.

“ஆகட்டும். இருந்து பாத்திட்டுத்தான் போவன்.”

நவம்பர் முடிந்தது. டிசம்பர் முடிந்தது. வெளிப் பத்தியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொந்தப் பத்திக்குப் போவதை அவள் இமை கொட்டாமல் பார்த்தாள். எவ்லினுக்கு நாலு மணிக்கு வேறொரு டெர்மின் இருந்தது. அவளும் எழுந்து போகவில்லை. பெப்ரவரியில் அரவிந்தின் விரல் நின்றது.

“பதினொண்ணாம் தேதி... அன்னிக்கு ரயில் சரியாத்தான் வந்திருக்கு.” தமிழில்தான் சொன்னான், மெதுவாக. “பரவால்ல அக்கா. இதையும் சேர்த்து மாத்திடறேன். ஒண்ணுதானே, யாரும் பார்க்க மாட்டாங்க.”

சுலோஜனா நினைத்துப் பார்த்தாள். கனநேரம் தேவைப்படவில்லை.

“மாத்தாதையுங்கோ. அண்டைக்கு நான் கனடாவிலை இருக்கிற தங்கச்சியோடை போனிலை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ரயில் வந்ததையே காணேல்லை. நடத்துநர் வந்து தோளிலை தட்டினவர்.”

“ஒரு தாமதம் உங்க பேர்ல நிக்குமே அக்கா.”

“நிக்கட்டும். அது என்ரை பிழை, என்ரை பேரிலை கிடக்கட்டும். உங்கடை இருபத்து ரெண்டையும் நீங்கள் வைச்சிருங்கோ.”

அவன் அந்த வரியைத் தொடாமல் அடுத்ததற்குப் போனான். கடைசித் திகதியும் முடிந்த பிறகுதான் சுலோஜனா பிரேக்கைத் தளர்த்தினாள். எவ்லின் எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்தாள். சுலோஜனா அவளிடம், நாளைக் காலை 6.51க்கு நீலப் பலகைக்குக் கீழே நிற்பேன், ரயிலைச் சரியான முகமாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.