கதவு கேட்ட நான்காம் வகுப்பு

நான்காம் வகுப்புப் புத்தகத்தில் உள்ளாட்சிப் பாடத்துக்கு ஒரு படம் உண்டு. மேசையைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோர் முகத்திலும் அப்படியொரு சிரிப்பு. அதை வரைந்தவர் நகரசபை இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார். எனக்கு அந்த இடம் தெரியும். எங்கள் வார்டு கவுன்சிலர் என் கூடப்பிறந்த தம்பி. தெரிந்திருந்தும் அந்தப் பாடத்தை நம்பி நடத்தினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வகுப்பையே நகரசபையாக மாற்றினேன். பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு, பெஞ்சுக்கு ஒரு வார்டு என்று பிரித்துத் தேர்தலும் வைத்தேன். தலைவியாக ஜெயித்தவள் வாயாடி. வீட்டில் வைத்த பெயர் வேறு, பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு இதுதான் பெயர். அவளும் அதைப் பட்டம் வாங்கியது மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாள். அப்பா பஸ் டிரைவர், அம்மா துணிக்கடையில் வேலை பார்க்கிறவர்.

முதல் கூட்டத்தில் பையன்கள் பந்து விளையாட வலை வேண்டும் என்றார்கள். வாயாடி எழுந்து நின்றாள்.

"எங்களுக்குக் கதவு வேணும் டீச்சர்."

பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் இரண்டு அறை. ஒன்றில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் கீல் துருப்பிடித்துக் கதவு கழன்று விழுந்து, சுவரில் சாய்ந்தபடி கிடக்கிறது. அதனால் ஜோடி ஜோடியாகத்தான் போவார்களாம். ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வாசலில் முதுகைக் காட்டி, பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்குக் 'கதவு டியூட்டி' என்று பெயரும் வைத்திருந்தார்கள். ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை, தனிச் சாவி. எங்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

வாக்கெடுப்பில் வலை கேட்ட பையன்களும் கதவுக்குத்தான் கை தூக்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோரிக்கையை நகரசபையில் சொல்ல வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எங்களுடையதும் நகரசபைப் பள்ளிக்கூடம்தான். தம்பிக்குப் போன் போட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன்.

"தாராளமா வா அக்கா. பேப்பர்காரங்களையும் வரச் சொல்றேன்" என்றான். என்ன பேசப்போகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. பொடிசுகள் என்ன பேசிக் கிழிக்கப்போகின்றன என்று நினைத்திருப்பான்.

கூட்ட அரங்கில் மைக் வாயாடிக்கு எட்டவில்லை. பியூன் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் ஏறி நின்று, எழுதிவைத்த எதையும் பார்க்காமல் பேசினாள்.

"எங்க ஸ்கூல்ல பொண்ணுங்க டாய்லெட்டுக்குக் கதவு இல்ல. நாங்களே மாத்தி மாத்திக் கதவா நிக்கிறோம். நான் கதவா நின்னா எனக்குக் கணக்குப் பாடம் போயிடுது. ஒரே ஒரு கதவு போட்டுக் குடுங்க."

அரங்கமே சிரித்தது, பிறகு கைதட்டியது. நகரசபைத் தலைவர் செயலாளரைப் பார்த்து, "பதிவு பண்ணிக்குங்க" என்றார். தம்பியின் முகம் மட்டும் இஞ்சி தின்றது மாதிரி இருந்தது. அவனுக்கு வெட்கமாக இருக்கும், கதவு நிச்சயம் வந்துவிடும் என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

அடுத்த வாரமே நகரசபைச் சுகாதாரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு வாசலுக்குக் குறுக்கே பலகைகளை வைத்து ஆணி அடித்தார்கள். 'பயன்பாட்டுக்குத் தகுதியற்றது' என்று ஒரு தாளை ஒட்டி சீல் வைத்தார்கள். பெண் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கதவு எப்ப வரும்?" என்று சுத்தியல் வைத்திருந்தவரைக் கேட்டாள் வாயாடி.

"இதுதாம்மா கதவு" என்றார் அவர்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி பெண்டாட்டி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"நான் எங்கக்கா பண்ணினேன்? நீதான் பண்ணினே. வீட்ல வெச்சு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நம்ம ஆசாரியை அனுப்பி ஒரே நாள்ல மாட்டி விட்டிருப்பேன். நீ மைக்ல பேச வெச்சே. பதிவாயிடுச்சு. இனி, சரியில்லாத டாய்லெட்ல பிள்ளைங்களை யாரு விட்டதுன்னு கேள்வி வரும். ஹெல்த் ஆபீசர் தலையைக் குடுப்பானா? மூடிட்டான். மூடிட்டா புகார் தீர்ந்ததா அர்த்தம்."

"சரி, இப்ப அந்த ஆசாரியை அனுப்பு."

"சீலை உடைச்சா கேஸாயிடும் அக்கா. இனி புதுசாத்தான் கட்டணும். இடிக்க ஒரு தீர்மானம், கட்ட ஒரு தீர்மானம். அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அதுவரைக்கும் பொண்ணுங்க என்னடா செய்வாங்க?"

"அடக்கிக்கட்டும். நாமெல்லாம் டாய்லெட் இருந்தா படிச்சோம்?"

"நாமன்னு சொல்லாதே. நீ செவுத்தோரமா நின்னுட்டு வந்து படிச்சே. நான் அடக்கிக்கிட்டுப் படிச்சேன்."

அவன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

மறுநாள் ஆசிரியைகளின் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் தலைமையாசிரியை அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். "இவ்வளவு பேரும் போனா இதுவும் ரெண்டு நாள்ல நாறிடும். அப்புறம் இதையும் மைக்ல சொல்வாங்க, இதுக்கும் ஆணி அடிப்பாங்க. போதும்மா, உங்க பாடம்."

பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டு, அதோடு பள்ளிக்கூடம் வரவில்லை. கேட்டில் வைத்து ஒரு அம்மா வாயாடியின் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "கதவு இல்லாட்டியும் ஒதுங்க ஒரு இடம் இருந்துச்சு. உன் மக வாயால அதுவும் போச்சு." வாயாடியின் அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள்கூட நகர்ந்து உட்கார்ந்தாள். வாயாடி வாய் திறப்பதை விட்டாள். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் மேசையையே பார்த்தாள். அவளிடம் நான் என்ன சொல்வது? நீ செய்தது சரி என்று சொன்னேன். என் காதுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

பேப்பரில் அவள் படம் வந்திருந்ததால் நகரசபை அவளுக்குச் 'சிறந்த குட்டிக் குடிமகள்' விருது அறிவித்தது. கொடுக்க வந்தவன் என் தம்பி. போட்டோகிராபரும் கூடவே வந்தான். மைதானத்தில் எல்லா வகுப்பும் உட்கார, மேடையில் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

"வேற என்னம்மா வேணும்? கூச்சப்படாமக் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். கேள், கேட்டுவிடு என்று நான் தலையை ஆட்டினேன். அவள் பார்வையை என்னிடமிருந்து எடுத்து, கீழே உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணும் வேணாம் சார். எல்லாம் நல்லா இருக்கு."

கைதட்டல். எல்லோரையும்விட சத்தமாகத் தட்டியவர் தலைமையாசிரியை. தம்பி மேடையை விட்டு இறங்கும்போது என் பக்கம் குனிந்து, "பொண்ணு நல்லாக் கத்துக்கிட்டா அக்கா" என்றான். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னான்.

வகுப்புக்குத் திரும்பினோம். அவள் கோப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களைச் சேர்த்து இறுக்கி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட இன்னும் இரண்டு பாடவேளை இருந்தது.