முன்னால் நிற்கும் பெயர்

கலஹாரிப் பாலைவனத்து வேட்டைக்காரர்கள் பேசும் ஜூஹோன் மொழியின் வாக்கிய அமைப்பைக் கண்டுபிடிக்க ஒரு பேராசிரியருக்கு ஏழு வருடமும் மூன்று ஜீப்பும் தேவைப்பட்டன. எழுவாய் முதலில், வினை நடுவில், செயப்படுபொருள் கடைசியில். அந்த மொழி பேசும் ட்சும்க்வே ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகள் ஜீப் இல்லாமலேயே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். பேராசிரியருக்கு வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்த காஷேக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. மாதம் ஒருமுறை வந்துபோகும் நீதிமன்றம் அதைப் பார்த்து அவனையே மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொண்டது.

அன்று கூண்டில் நின்றவன் தாபே, காஷேயின் தங்கை புருஷன். கொல்லக்கூடாத ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றதாக வழக்கு.

வில்லை வளைத்தவன் தாபேதான். ஆனால் அம்பு காஷே கொடுத்தது. கலஹாரியில் அம்பு யாருடையதோ, விழுந்த மிருகமும் அவனுடையது. கறியைப் பங்குவைப்பதும் அவனே. போன மாதம் காஷேதான் பங்குவைத்தான். அப்போது அவன் நடையே வேறாக இருந்தது.

நீதிபதி சட்டத்தின் மாட்சிமை பற்றிக் கால்மணி நேரம் பேசினார். தகரக் கூரையின் கீழ் அந்த மாட்சிமை வியர்த்து வழிந்தது. பிறகு, "கொன்னது யாருன்னு கேளுங்க" என்றார்.

"யார் கொன்னதுன்னு கேக்குறாரு. பாத்துப் பேசு மச்சான்" என்றான் காஷே.

தாபே சிரித்தான். "நான் என்னத்தக் கொன்னேன்? நாலு எலும்பும் ஒரு தோலும் ஓடிச்சு, தானா விழுந்துது. அம்பு உன்னுது, மிருகமும் உன்னுதுதானே. அதையே சொல்லு."

பொய்யில்லை. நான் கொன்றேன் என்று மார்தட்டுகிற வேட்டைக்காரனை ஊர் மழைக்காலம் முழுக்கக் கேலி செய்யும். பெருமையை மச்சானுக்கு விட்டுக்கொடுத்த திருப்தியில் தாபே நிமிர்ந்து நின்றான்.

"என்ன சொல்றான்? இவ்வளவு நேரமா?" நீதிபதி பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

எந்தப் பெயர் முன்னால் நிற்கிறதோ, அது சிறைக்குப் போகும். தாபே சொன்னதாகக் காஷே ஆங்கிலத்தில் சொன்னான்: "நான் கொன்றேன், ஒட்டகச்சிவிங்கியை."

நீதிபதிக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. தெளிவான வாக்குமூலம் என்று பாராட்டி, மூன்று வருடம் கொடுத்தார்.

வெளியே போலீஸ் வண்டி நின்றது. கைவிலங்கோடு தாபே கேட்டான்: "எவ்வளவு நாளாம்?"

"மூணு மழை."

"அந்த நோஞ்சான் மிருகத்துக்கா?" தாபே சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினான். "உனக்கு எவ்வளவு போட்டாங்க?"

"எனக்கு... ஒண்ணும் இல்ல."

"அப்பாடா! விலங்கைப் பாத்ததுந்தான் மச்சான் எனக்கு உதறிச்சு. வாய் தவறி உன் பேரைச் சொல்லிட்டேனே, உன்னையும் பிடிச்சுட்டுப் போயிட்டா உன் தங்கச்சிக்கு யாரு இருக்கா? நீ இருக்கேல்ல, போதும். பாத்துக்கோ."

காஷே தலையாட்டினான். வண்டியின் கதவைச் சாத்தினார்கள்.