பதினான்கு இயந்திரங்களும் ஒரு விளக்குமாறும்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீர் சுட வைத்தான். நாற்காலியில் கிடந்த மோட்டாரைத் தரைக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தான். பிறகு பச்சை நிற வேக்குவம் கிளீனரின் ஸ்விட்சைப் போட்டான். ஓடவில்லை. அணைத்தான். குளித்தான். மனைவி இறந்துபோன நான்கு மாதமாக எல்லாக் காலையும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஸ்விட்சை இரண்டு முறை போட்டுப் பார்ப்பான்.

வீட்டில் இப்படி மொத்தம் பதினான்கு வேக்குவம் கிளீனர்கள். எல்லாம் அவன் பிறப்பதற்கு முன்னால் செய்தவை. பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, துரு நீக்கி, வண்ணம் ஏற்றி, வயர் மாற்றி வைத்திருந்தான். பார்வைக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றன. ஓடத்தான் ஒன்றும் ஓடவில்லை. பச்சையின் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு தேய்ந்துவிட்டது. புதிதாக மூன்று முறை வரவழைத்தாயிற்று. முதலில் வந்தது தடிமன். அடுத்தது குட்டை. மூன்றாவது மறுபடியும் தடிமன். ஒரு வாரமாக அதை உப்புத்தாளில் தேய்த்ததில் விரல்கள்தான் கறுத்தன. தேய்ந்த பழைய துண்டோடு தினமும் ஸ்விட்சைப் போடுவது வெறும் பிடிவாதம் என்று அவனுக்கே தெரியும்.

அன்று பத்து மணிக்கு மாமியாரும் மைத்துனனும் வேனோடு வந்தார்கள்.

"பதினாலு மிஷின் இருக்கு. வீடு கூட்டறது மட்டும் விளக்குமாறு," என்றார் மாமியார், செருப்பைக் கழற்றியபடி. "மாப்பிள்ளை, நான் சொல்றேன்னு நினைக்காதீங்க. அவ கடைசியா சொன்னது. இந்தக் குப்பையை எல்லாம் ஒழிச்சுக் கட்டச் சொல்லும்மான்னு."

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் இதைச் சொல்லியிருந்தார். பொய்யில்லை. வாரம் ஒருமுறை அவள் அதைச் சொல்வதுண்டு. ஆனால் கடைசி அதுவல்ல. அதற்குப் பிறகு மாமியார் மருந்து வாங்கக் கீழே போனார். கட்டிலருகே அவன் மட்டும் இருந்தான். அப்போது அவள் சொன்னதை யாரிடமும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மாமியாரிடம் எப்படிச் சொல்வது? பெற்றவள் முன்னால் அவள் அவனை வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். அதில் ஒருநாளும் பிசகியதில்லை.

மைத்துனன் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இயந்திரங்களை இடுக்கிக்கொண்டான். "ஒண்ணாவது ஓடுதா மாமா? ஓடினா சொல்லுங்க, விட்டுட்டுப் போறேன்."

அவனுக்குக் காது சூடானது. இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்த கரித்துண்டைப் பச்சைக்குள் அழுத்திச் செருகினான். குழாயை மாட்டி ஸ்விட்சைப் போட்டான். ஓடியது. வீடு அதிர ஓடியது. அவசரத்தில் குழாயை, காற்றை இழுக்கும் முன் ஓட்டைக்குப் பதிலாக, வெளியே தள்ளும் பின் ஓட்டையில் மாட்டியிருந்தான். எந்தக் காலத்திலோ யார் வீட்டிலோ உறிஞ்சிய தூசி முழுக்க மாமியார் முகத்தில் வந்து அடித்தது.

"நல்லா உறிஞ்சுது மாமா," என்றான் மைத்துனன், தும்மிக்கொண்டே.

மோட்டாரில் பொறி பறந்தது. கருகல் நாற்றம் வந்தது. நின்றுவிட்டது. அவன் மண்டியிட்டு மூடியைப் பிய்த்தெடுத்துக் கையை உள்ளே விட்டான். பாதியில் கை நின்றது.

மாமியார் கண்ணைக் கசக்கினார். குரலில் சண்டை இல்லை. "அப்படி என்னதான் மாப்பிள்ளை இதுல இருக்கு? அவ சொல்லிட்டுப் போயும் கேட்க மாட்டேங்கறீங்களே."

"அத்தை, அது கடைசி இல்ல."

மைத்துனன் வாசற்படியிலேயே நின்றான்.

"நீங்க கீழ போனப்புறம் இன்னொண்ணு சொன்னா. சும்மா பேச்சுக்குத்தான், பச்சை மிஷின் சிக்கிக்கிச்சு, நாளைக்குக் கழட்டிப் பார்க்கணும்னு சொன்னேன். அதுக்குச் சொன்னா."

"என்ன சொன்னா?"

அவன் கையை வெளியே எடுத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்னபடியே, ஓர் எழுத்தையும் மாற்றாமல் சொன்னான்.

"எருமை, முதல்ல ப்ளக்கைப் புடுங்குடா."