கேட்காமலே வந்த தயிர்

...இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுங்களா என்று என்னைத்தான் கேட்கிறான், என்னை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்திருக்க இன்னொருத்தர் குனிந்து பரிமாறுவது இதுதான் முதல் தடவை, இலை நிறைய நெல்லஞ்சோறு, பருப்பு, நெய், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம், சேலத்துக் கிளப்பில் முழுச் சாப்பாடு என்றால் இப்படித்தானா, சாம்பாரில் வெங்காயம் முழுசு முழுசாகக் கிடக்கிறது, நல்ல ருசி, பொய் சொல்வானேன்... காலையில் பெரியாஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் என் கண்ணை விரித்துப் பார்த்தார், அடுப்புப் புகை இனி ஆகாது என்று கம்பவுண்டர் எடுத்துச் சொன்னார், வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ராசப்பன் இன்றைக்கு ஒரு நாள் கிளப்பில் சாப்பிடலாம் வா என்றார், எனக்காக இந்த மனுஷன் தன் பிடிவாதத்தையே விட்டுவிட்டாரே என்று உருகிப் போனேன், உருகினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் இவருக்குக் கண்டவர் கைச்சோறு தொண்டையில் இறங்காதாம். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு மாட்டுவண்டியில் கடலைக்காய் ஏற்றிக்கொண்டு புறப்படும்போதெல்லாம் அத்தாயி, உன் கைப் புளிச்சோறு இருந்தால் போதும் என்பார், நானும் தலைகால் புரியாமல் கோழி கூவுமுன் எழுந்து, ஈர விறகை ஊதி ஊதி, நோன்புக்கென்று வைத்திருந்த அரிசியை வடித்துக் கட்டிக் கொடுப்பேன், வீட்டில் எங்களுக்குக் கம்மங்கூழ், மகள் சாலம்மாள் சட்டி ஓரத்தில் கை வைத்தால் அப்பனுக்கு வேண்டும் என்று வெடுக்கென்று பிடுங்கிவிடுவேன், பக்கத்து வீட்டுப் பழனியம்மாளிடம் பீத்தல் வேறு, எங்க வீட்டுக்காரர் கிளப்பு வாசற்படி மிதிக்க மாட்டார் என்று... மிதித்தாரே இன்றைக்கு, மிதித்ததுமே இந்தப் பரிமாறுகிற சண்முகவேல் "வாங்கண்ணா, போன வாரம் ஆளையே காணோமுங்க" என்றானே, கேட்காமலே அவர் இலையோரம் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரை வைத்தானே, அண்ணனுக்கு ரசம் ஆகாதே என்று என்னிடம் வேறு சொல்கிறான், ஆகாதா, வீட்டில் என் ரசத்தை ரெண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொள்கிறாரே, அதுவும் நடிப்பா, இந்த ஆளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது நானா சண்முகவேலா...

அப்படியானால் நான் கட்டிக் கொடுத்த சோறு? கேட்டேவிட்டேன், மெதுவாகத்தான், பக்கத்து இலைக்காரனுக்குக் கேட்காமல். அவர் தலை நிமிரவில்லை. "மாட்டுக்கு வெச்சுருவேன். அதுவும் வாயில்லாச் சீவன்தானே."

மாட்டுக்கு. பாவி மனுஷா, பெத்த மகள் வாயில் போகாத நெல்லஞ்சோறு மாட்டுக்கா, அவள் சூப்பிய விரலோடு என்னை எப்படிப் பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு யார் பதில் சொல்வது, கை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறது, இலையை மூடிவிட்டு எழுந்துவிடலாமா, எழுந்து எங்கே போவது, எங்க ஊர் புதுச்சத்திரம் என்ன எட்டுகிற தூரமா, அந்த வண்டியில்தானே அந்த மாட்டுக்குப் பின்னால்தானே திரும்ப வேண்டும்... ஒரு வார்த்தை, புள்ளே, எனக்குக் கிளப்புச் சாப்பாடு பிடித்திருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை, நான் என்ன கடித்தா தின்றிருப்பேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், அவ்வளவுதானே, சாலம்மாளாவது ஒரு வாய் தின்றிருப்பாள், என் கண்ணாவது தப்பியிருக்கும்... அவர் தயிரை வழித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "உம்மனசு நோகக்கூடாதுன்னுதான் சொல்லலே, சாமி" என்கிறார், குரலில் அத்தனை பிரியம், வீட்டில் ராத்திரி பேசுகிற அதே குரல்... நோகவில்லையே, இத்தனை நாளும் துளிகூட நோகவில்லை, ராணி மாதிரி அல்லவா இருந்தேன்... என் மனசு நோகக்கூடாதென்று இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறார்? பாயசம் வருகிறது, என் இலையில் முதலில் ஊற்றச் சொல்கிறார், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், தினமும் பார்க்கிற சிரிப்புத்தான், இது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை.