குண்டனின் துடுப்பு

எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டியில் இருக்கும் மீனுக்குக் குண்டன் என்று பெயர் வைத்தது நான்தான். உள்ளங்கையில் அடங்குகிற நன்னீர்ப் பேத்தை மீன். பசித்தால் முறைப்பான், மிரண்டால் பந்தாக உப்புவான். முறைப்பதில் எனக்கும் அவனுக்கும் நல்ல ஒற்றுமை.

அக்காவுக்கு மீன் கவலை கிடையாது. மகள் இரண்டு கையிலும் கட்டைவிரல் இல்லாமல் பிறந்ததற்கு, கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில் தான் விழுங்கிய காய்ச்சல் மாத்திரைதான் காரணமா? இது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். டாக்டர்கள் இல்லை என்று சொல்லியும் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து தலைவலியில் தலையே போனாலும் மாத்திரையைத் தொடமாட்டாள். நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சமைப்பாள்; எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா, அத்தான், மகள் மூவரின் மரபணுத் தொகுதியையும் படித்தோம். மகளிடம் மட்டும் புதிதாக மாறியிருந்த டி.என்.ஏ. எழுத்துகள் எழுபது சொச்சம். பிறக்கிற எல்லோருக்கும் கிடைக்கிற இலவச இணைப்புதான் அது. அதில் விரலைத் தின்றது எது? எலியோடு ஒப்பிட்டேன். எலி நமக்கு நெருங்கிய சொந்தம். வேண்டியதும் ஒத்துப்போகும், வேண்டாததும் ஒத்துப்போகும். மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

குண்டன் தூரத்துச் சொந்தம். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பாகம் பிரிந்து போன வம்சம். மரபணுக்கள் ஏறக்குறைய நம் அளவுக்கே உண்டு; மொத்தத் தொகுதியோ நம்முடையதில் எட்டில் ஒரு பங்குதான். வீட்டில் அடைசலே வைத்துக்கொள்ளாத ஆள். இவ்வளவு காலம் கழித்தும் அவனிடமும் நம்மிடமும் ஒரு வரி அப்படியே இருக்கிறது என்றால், அதில் யாரும் கைவைக்க முடியாது என்று அர்த்தம்.

மகளையும் குண்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தனை எழுத்துகளில் ஒன்றே ஒன்று அப்படிப்பட்ட வரிக்குள் விழுந்திருந்தது. அந்த வரி மரபணுகூட இல்லை. கை முளைக்கும் இடத்தில் ஒரு மரபணுவை முடுக்கிவிடும் விசை. விரலே இல்லாத மீனிடம் அதே வரி, துடுப்புக்காக! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்துபோய்த் தொட்டியின் முன்னால் நின்றேன்.

மீன்குஞ்சுகளில் அந்த எழுத்தை மாற்றிப் பார்த்தோம், துடுப்பு சிறுத்தது. அதற்குப் பிறகுதான் அக்காவை மகளோடு ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னேன்.

"இவ உடம்புல எங்க பார்த்தாலும் அதே மாத்தம்தான்க்கா. அப்படின்னா கருவாகும்போதே வந்தது. நீ மாத்திரை போட்டது அதுக்கப்புறம்."

"சும்மா என்னைத் தேத்தறதுக்குச் சொல்றியா?"

"நான் என்னிக்கு உன்னைத் தேத்தியிருக்கேன்? இதோ, இவன்தான் சாட்சி."

மகள் தொட்டிக் கண்ணாடியில் நான்கு விரல்களையும் பதித்தாள். குண்டன் துடுப்பைப் படபடவென்று அடித்துக்கொண்டு அருகே வந்தான்.

"அம்மா, இதுக்கும் குட்டிக் கை இருக்கு!"

அக்கா அந்தக் கையையும் துடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"காலையிலேருந்து தலை வெடிக்குதுடி," என்றாள் கடைசியில். "மாத்திரை இருந்தா ஒண்ணு குடேன்."