வீட்டில் இருந்த ஒரே மூக்கு

கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் அவனுக்குப் பெயிண்டர் என்றே பெயர். இந்தத் தொழிலுக்குக் கண் இருந்தால் போதும், மூக்கு எதற்கு என்பான். அப்படிச் சொல்லிச் சொல்லியே மூக்கைத் தொலைத்தும் விட்டான். பெயிண்டில் கலக்கும் தின்னர் புகையை வருடக்கணக்காக இழுத்ததில், ரோஜாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத ஆளாகிப் போனான். முகமூடி என்னவோ ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. போட்டால் மூச்சு முட்டுகிறதாம். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

ஆனாலும் குடும்பம் ஓடியது. மனைவிக்கு மூக்கு இருந்ததே. அடுப்பில் கேஸ் கசிந்தாலும், பால் திரிகிற பதத்துக்கு வந்தாலும், பக்கத்து வீட்டில் யாராவது எதையாவது தீயவிட்டாலும் அவள்தான் முதலில் சொல்வாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "நேரா குளிக்கப் போங்க. பெயிண்ட் டப்பாவுக்குள்ள விழுந்து எழுந்த மாதிரி வர்றீங்க." சாப்பாட்டில் எதன்மேலாவது சந்தேகம் வந்தால் அவன் கிண்ணத்தை அப்படியே அவள் முகத்துக்கு நேரே நீட்டுவான். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைப்பான். "இந்த வீட்டுக்கே நான் ஒருத்திதான் மூக்கு," என்று அவள் அடிக்கடி சொல்லிக் காட்டுவாள்.

அந்த மூக்குக்கும் வந்தது வினை. வயிற்றில் கட்டி என்றார்கள், வெட்டி எடுத்தார்கள், பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மருந்து ஏற ஏற முதலில் தலைமுடி போனது, அப்புறம் வாசனை போனது, கடைசியில் நாக்கும் மரத்துப் போனது. எதை வைத்தாலும் ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளி வைத்தாள். தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிய ஆரம்பித்தது.

டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எடை இன்னும் இறங்கினா அடுத்த மருந்தை அவங்க உடம்பு தாங்காது. நிறுத்திட வேண்டியதுதான். எப்படியாவது ஏதாவது சாப்பிட வைங்க." நிறுத்தினால் என்ன ஆகும் என்று பெயிண்டர் கேட்கவில்லை. அதைக் கேட்டு வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா?

அதுவரை வெந்நீர் வைப்பதற்குக்கூட அவளைக் கூப்பிட்டவன், அடுப்படிக்குள் நுழைந்தான். கஞ்சி வைத்தான், அடிப்பிடித்தது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தான், அவள் இரண்டு வாய் விழுங்கிவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். பட்டறையில் யாரோ கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார்கள். புரோபயாட்டிக் பழத் தயிர், வீட்டிலேயே செய்யலாம், வயிற்றுக்கு நல்லது, உடம்புக்குத் தெம்பு. மாலையில் வரும் வழியில் மருந்துக் கடையில் நின்று அந்தப் புரோபயாட்டிக் மாத்திரைக் கூடுகளையும், பழக்கடையில் ஸ்ட்ராபெர்ரியையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

"என்னது இது?" என்றாள் அவள்.

"நல்ல கிருமி. பால்ல போட்டா தயிராகும்."

"ஊர்ல எல்லாரும் கிருமியக் கொல்லக் காசு குடுப்பாங்க. நீங்க காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க." சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே எதையும் செய்யலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

டாக்டரிடமும் கேட்டான். ஆனால் கேட்டது அரைக் கேள்வி. "தயிர் குடுக்கலாமா சார்?" "தாராளமா குடுங்க," என்றார் அவர், அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டே. கடையில் வாங்குகிற தயிரா, வீட்டில் புளிக்கவைப்பதா என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் நடையைக் கட்டிவிட்டான்.

முதல் முறை வீடியோவில் சொன்னபடியே செய்தான். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மாத்திரைக் கூட்டைப் பிரித்து உள்ளிருந்த மாவைக் கலக்கினான். கண்ணாடி ஜாடியில் ஊற்றிப் போர்வையால் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். பழத்தைச் சர்க்கரையோடு வேகவைத்து, தயிர் உறைந்த பிறகு மேலே ஊற்றினான். எல்லாம் சரியாகத்தான் வந்தது. நிறம் மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. வெந்த பழம் மங்கி, துருப்பிடித்த தகரம் போல இருந்தது. ஒரு வண்டியின் கதவை மட்டும் மாற்றி அடித்தால், எது பழைய கதவு எது புதியது என்று வண்டிக்காரனுக்கே தெரியாதபடி நிறம் சேர்க்கிற கை அது. நோயாளி முன்னால் துருவைக் கொண்டு வைக்க அந்தக் கைக்கு மனம் வருமா?

அதனால் அடுத்த முறை பழத்தை வேகவைக்கவில்லை. பச்சையாகவே நசுக்கி, பால் உறைவதற்கு முன்பே கலந்துவிட்டான். அடடா, என்ன நிறம்! குழந்தையின் உள்ளங்கை போல ஒரே சீரான இளஞ்சிவப்பு. ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டறையில் வேலை முடிந்த வண்டியைக்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். உட்காரவில்லை. அவள் கரண்டியை வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விழுங்கினாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது ருசி தெரியுதுங்க," என்றாள்.

"நிசமாவா?"

"நிசமாத்தான். இனிப்பும் புளிப்புமா, நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் குடுங்க."

பெயிண்டர் அடுப்படிக்கு வந்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வீட்டுக்கு நாக்கு திரும்பிவிட்டது, மூக்கும் பின்னாலேயே வந்துவிடும் என்று கணக்குப் போட்டான். மறுநாள் பட்டறையில் கேட்டவன் கேட்காதவன் எல்லோரிடமும் தயிர்ப் புராணம்தான். "சும்மா இருய்யா, ஸ்ப்ரே கன்ல தயிர ஊத்தி அடிச்சிடப் போறே," என்று கிண்டல் செய்தார்கள். அவனுக்கு அதுவும் இனித்தது.

எடை இறங்குவது நின்றது. ஒரு சுற்று மருந்தும் ஏற்றினார்கள். அவன் ஜாடியைக் காலியாக விடவே இல்லை. ஒவ்வொரு முறையும் அடியில் ஒரு கரண்டி மிச்சம் வைத்து, அதையே அடுத்த பாலுக்கு உறையாக ஊற்றினான். கூடுதல் நேரம் வெளியே வைத்தால் கூடுதலாக நல்ல கிருமி பெருகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போர்வைக்குள்ளேயே இன்னும் ஒரு பகல் விட்டான். ஒவ்வொரு ஜாடியிலும் நிறம் கூடிக்கொண்டே வந்தது. மேல்பரப்பில் ஆரஞ்சு கலந்த சிவப்பில் மெல்லிய கோடுகள் ஓடின. சின்னக் குமிழிகளும் இருந்தன. அந்தப் பழம் அப்படிச் சிவக்காது என்று கண் உள்ள எவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவனுக்கோ, தன் கைக்கு நிறம் இப்போதுதான் வசப்படுகிறது என்று பெருமையாக இருந்தது. இருந்தாலும் பழைய பழக்கம் விடவில்லை. முதல் கரண்டியை அவளிடம்தான் நீட்டினான்.

"சரியா இருக்கா பாரு."

"சரியா இருக்கு," என்றாள் அவள். கிண்ணத்தை வழித்துக் காலி செய்தாள்.

மறுநாள் மாலை அவளுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்துப் போனது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் உடம்பு தூக்கிப் போட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, எதிர்த்து நிற்க உடம்பில் சக்தியே இல்லை என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். பெயிண்டர் சொன்னான். உறை ஊற்றியது, பச்சைப் பழம், போர்வை, எதையும் விடாமல் சொன்னான். டாக்டர் திட்டவில்லை. அவன் தோளில் ஒரு முறை கை வைத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செய்தி கேட்டு வந்து, மாற்றுத் துணி எடுத்து வர வீட்டுக்குப் போன கொழுந்தியாள், பையை அணைத்துப் பிடித்தபடி திரும்பி வந்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் பட்டென்று பேசிவிடுகிற பெண். அன்றைக்கு நடைபாதையில் அவனைப் பார்த்ததும் தயங்கினாள்.

"மாமா, ஃப்ரிட்ஜில அந்த ஜாடியத் திறந்தேன். அழுகின நாத்தம். குமட்டிக்கிட்டு வந்துச்சு. அதையா அக்காவுக்குக் குடுத்தீங்க?"

"எனக்குத்தான் தெரியாதே. அவ பாத்துச் சொன்னா. சரியா இருக்குன்னா. அது மட்டும் ருசி தெரியுதுன்னாளே."

கொழுந்தியாள் அவனையே பார்த்தாள். பிறகு அவள் முகம் கோணியது.

"ஐயோ மாமா. அக்காவுக்கு ருசி எங்க இருக்கு? தண்ணியும் தயிரும் ஒண்ணுதான்டீன்னு போன வாரம்கூடப் போன்ல சொன்னா. நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு முகத்தையே பாக்கறீங்களாம். பாவம்டீ, எப்படி நல்லா இல்லைன்னு சொல்றது, கண்ண மூடிட்டு முழுங்கிடுறேன்னா."

அவன் சுவரில் சாய்ந்தான். அவன் மூக்கில்லாதவன், அது ஊருக்கே தெரியும். அவளுக்கு நாக்கும் திரும்பவே இல்லை, அதைத் தன்னிடம் மட்டும் மறைத்துவிட்டாளே. கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் புரியவில்லை.

மறுநாள் மாலையில் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். அவள் கண் திறந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவன் இந்த முறை நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கேட்டுவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான்.

அவளே முந்திக்கொண்டாள். குரல் மூச்சாகத்தான் வந்தது. "வீட்டுல அந்தத் தயிரு மிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு."

"நான் வர நாளாகும் போல. கெட்டுப் போறதுக்குள்ள நீங்க சாப்பிட்டுடுங்க. அவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சீங்க. அத்தனை நல்லா இருந்துச்சு."

அவன் போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டான்.

"சரி," என்றான். "சாப்பிடுறேன்."

அவள் தலையை லேசாக அசைத்தாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வீட்டில் அவனும் கொழுந்தியாளும் மட்டும் இருந்தார்கள். அவன் நேராக அடுப்படிக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். உள்ளே கையை விட்டுத் துழாவினான். தட்டு தட்டாகத் தேடினான். ஜாடி கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, பளபளவென்று கழுவியிருந்தாள் கொழுந்தியாள்.

"யாரக் கேட்டுக் கொட்டினே?"

அவன் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் கையில் இருந்த துடைக்கும் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன மாமா சொல்றீங்க? அது விஷம். அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

பெயிண்டர் காலி ஜாடியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"சாப்பிடுறேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன்," என்றான்.